பெரிய மனிசருக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்பதற்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோயில் திருவிழாவில் நடக்கும் இழுபறிகளை வைத்து எழுதிய நகைச்சுவை நாடகமொன்றை, லண்டனில் பிறந்த உங்கள் மருமக்கள் மேடையேற்றுவதற்காக ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பரிபாலன சபைத் தலைவர் கொடியேற்றத்தன்று பட்டு வேட்டியும் சால்வையுமாக வந்து இறங்குவதைப் பார்த்து, வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் கிழவி ஒருத்தி, "உவர் பெரிய மனிசர் எண்ட நடப்பு" என்கிறாள். நீங்கள் 'பிக் மான்' என்று போட்டீர்கள். பிள்ளைகள் உடல் பருத்தவர் என்று விளங்கிக்கொண்டார்கள். 'புரவுட்' என்று மாற்றினீர்கள். அது பாராட்டுப் போல இருக்கிறது என்றார்கள். தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு திரிபவரைக் குறிக்க ஆங்கிலப் பேச்சுவழக்கில் என்னென்ன சொற்கள் உண்டு, அவற்றில் எது இந்த இடத்துக்குப் பொருந்தும் என்பது உங்கள் கேள்வி.

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் படிப்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சொற்கள் தாராளமாக உண்டு. அகராதிகள் ஒன்றுக்குப் பொருளாக இன்னொன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஆனால் நாடகத்தில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் பாத்திரமே வேறு ஆளாகிவிடும். ஆகவே சொல்லைத் தேடுவதற்கு முன்னர், அந்தத் தலைவரிடம் உண்மையிலேயே ஏதாவது அதிகாரம் இருக்கிறதா, அல்லது எல்லாம் வெறும் தோற்றந்தானா என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள். அடுத்ததாக, சொல்பவர் அவருக்கு மேலே இருந்து சொல்கிறாரா, கீழே இருந்து சொல்கிறாரா என்று பாருங்கள். இந்த இரண்டும் தெளிவானால் பாதி வேலை முடிந்தது.

பலர் தவறுகிற இடம் 'பிக்விக்' என்ற சொல். பெரிய பொய்முடி என்பது அதன் நேர்ப்பொருள். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கனவான்கள் பொய்முடி அணிந்தார்கள். முடி எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு விலையும் ஏறும், அணிபவரின் அந்தஸ்தும் ஏறும். இங்கிலாந்தின் குற்றவியல் நீதிமன்றங்களில் நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் இன்றும் அணிகிற முடி அந்த வழக்கத்தின் மிச்சம். இந்தச் சொல்லில் இலேசான கேலி உண்டு என்றாலும், 'பிக்விக்' என்று சொல்லப்படுபவர் உண்மையாகவே செல்வாக்குள்ளவர். அவருக்குத் தலை வீங்கியிருக்கலாம், வீங்காமலும் இருக்கலாம். அதைப் பற்றிச் சொல் எதுவும் பேசவில்லை. 'பிக் ஷொட்' என்பதும் இராணுவ உயரதிகாரிகளின் தொப்பியிலுள்ள பித்தளை அலங்காரத்திலிருந்து வந்த 'ரொப் பிராஸ்' என்பதும் இதே வகை. 'பிக் சீஸ்' என்பதையும் இவற்றோடு சேர்க்கலாம். இதிலுள்ள 'சீஸ்' பாற்கட்டியே அல்ல, இந்துஸ்தானியில் 'பொருள்' என்று அர்த்தம் தரும் 'சீஸ்' என்ற சொல்தான் என்பது பலருடைய கருத்து; 1886இல் வெளிவந்த 'ஹொப்சன் ஜொப்சன்' என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியிலேயே அந்த விளக்கம் இருக்கிறது. உங்கள் தலைவரை ஊரே உண்மையில் மதிக்கிறது என்றால் இவற்றில் ஒன்றை எடுக்கலாம். ஆனால் கிழவியின் வாயில் 'நடப்பு' என்ற சொல் வந்துவிட்ட பிறகு இவை எதுவும் நிற்காது.

அமெரிக்காவின் பசிபிக் கரையிலிருந்து வந்த ஒரு சொல்லையும் இங்கே குறிப்பிட வேண்டும், அது எனக்கு மிகவும் பிடித்த சொல் என்பதற்காகவே. அங்கே வெவ்வேறு பழங்குடிகளும் வெள்ளை வியாபாரிகளும் தங்களுக்குள் பேசிக்கொண்ட சினூக் என்னும் கலப்பு மொழியில் 'ஹையு மக்கமக்' என்றால் நிறையச் சாப்பாடு. ஆங்கிலேயர் காதில் 'ஹையு' என்பது 'ஹை', அதாவது உயர்ந்த, என்று விழுந்தது. 'ஹை மக்கமக்' தன்னைப் பெரிதாக நினைக்கும் பிரமுகர் ஆகிவிட்டார். அன்னதான மடத்தில் முதற் பந்தியில் முதல் இலைக்கு முன்னால் உட்காருபவரை நினைத்துப் பாருங்கள், சொல் வந்த வழி உடனே புரியும்.

பட்டத்தின் பாரத்தைக் கேலி செய்யும் சொற்கள் வேறொரு கூட்டம். நவாப் என்ற சொல்லை ஆர்க்காட்டு நவாப்பின் வழியாகத் தமிழரும் அறிவார்கள். கிழக்கிந்தியக் கம்பனியில் வேலைபார்த்து, இந்தியாவில் பெருஞ்செல்வம் திரட்டிக்கொண்டு ஊர் திரும்பி, நிலபுலன்களையும் பாராளுமன்ற ஆசனங்களையும் வாங்கிய ஆங்கிலேயர்களைப் பழைய பிரபுக் குடும்பத்தவர்கள் எரிச்சலோடு 'நேபொப்' என்று அழைத்தார்கள். சாமுவேல் ஃபூட் என்ற நடிகர் 1772இல் அந்தப் பெயரிலேயே ஒரு நாடகம் போட்டார். இதே ஃபூட்டிடமிருந்து வந்ததாகச் சொல்லப்படுவதுதான் 'பஞ்சாண்ட்ரம்'. ஒருமுறை கேட்டால் எதையும் அப்படியே ஒப்புவிப்பேன் என்று சார்ள்ஸ் மக்ளின் என்ற இன்னொரு நடிகர் பெருமையடித்தாராம். உடனே ஃபூட், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் தொடர்பே இல்லாத அர்த்தமற்ற பந்தி ஒன்றை எழுதிக் கொடுத்தார். தலையின் உச்சியில் சின்ன உருண்டைப் பொத்தானோடு மகா பஞ்சாண்ட்ரமே நேரில் வருவதாக அதில் ஒரு கட்டம் உண்டு. பொருளே இல்லாத சொல், பெரும் பட்டம் சுமந்து திரியும் அதிகாரிக்குப் பெயராக நிலைத்துவிட்டது. வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள், ஓசையிலேயே தாளவாத்தியம் ஒலிக்கும். நாடகத்தில் பூசகரோ படித்த வாத்தியாரோ சொல்வதற்கு இது பொருந்தும், கிழவிக்குப் பொருந்தாது.

பட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஊரில் நாம் எல்லோரும் கண்ட ஆள் ஒருவர் நினைவுக்கு வருவார். அவர் கோயிலில் தலைவர், சனசமூக நிலையத்தில் காப்பாளர், கூட்டுறவுச் சங்கத்தில் பொருளாளர், பழைய மாணவர் சங்கத்தில் ஆலோசகர், மரண உதவிச் சங்கத்துக்கும் ஏதோ ஒன்று. ஒரு சங்கத்தின் தலைவராக இன்னொரு சங்கத்துக்குக் கடிதம் எழுதி, அந்தச் சங்கத்தின் செயலாளராகத் தானே அதைப் பெற்றுக்கொண்டு, "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது" என்று தனக்கே பதில் எழுதக்கூடியவர். இவருக்கு ஆங்கிலத்தில் அச்சொட்டான பெயர் உண்டு: 'பூபா'. கில்பர்ட், சலிவன் என்ற இருவரும் சேர்ந்து ஆக்கி 1885இல் லண்டனில் அரங்கேறிய 'த மிக்காடோ' என்ற இசை நாடகத்தில் வரும் பாத்திரம் அது. பிரதம நீதியரசர், படைத்தளபதி, பேராயர், நகரபிதா என்று ஒரு நகரத்தின் பதவிகள் எல்லாவற்றையும் ஒருவரே வைத்துக்கொண்டிருப்பார், எல்லாவற்றுக்கும் சம்பளமும் எடுப்பார். ஒருவர் ஆலோசனை கேட்டால், எந்தப் பதவியில் இருந்து சொல்ல வேண்டும் என்று திருப்பிக் கேட்பார், பதவிக்குப் பதவி பதிலும் மாறும். தன்னுடைய வம்சத்தை ஆதியில் தோன்றிய உயிர்த்துளிவரை பின்னோக்கிக் காட்டலாம் என்பது அவருடைய இன்னொரு பெருமை. உங்கள் நாடகத் தலைவர் இந்த இனம் என்றால், நிகழ்ச்சி நிரலில் அவருடைய பெயருக்குக் கீழே எல்லாப் பதவிகளையும் அச்சிட்டுவிட்டு, வேறொரு பாத்திரத்தைக் கொண்டு ஒருமுறை 'பூபா' என்று சொல்லவைத்தாலே போதும். லண்டன் சபையில் மூத்தவர்கள் சிரிப்பார்கள். பிள்ளைகளுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கும்.

சிறிய கதிரையில் இருந்துகொண்டு பெரிய அதிகாரம் செலுத்துபவர் இவருக்கு நேர்மாறு. இவரை ஆங்கிலத்தில் 'ரின் கோட்' என்பார்கள், தகரத்தில் செய்த சாமி. பொன்னும் இல்லை, ஐம்பொன்னும் இல்லை, ஆனால் கும்பிடு மட்டும் குறையக்கூடாது. இதன் பிரித்தானிய உடன்பிறப்பு 'ஜொப்ஸ்வேர்த்'. "இதைச் செய்தால் என் வேலை போய்விடும்" என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் வாக்கியத்தின் கடைசிச் சொற்கள் ஒட்டிப் பிறந்த பெயர் அது. 1970களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. விதியைக் காட்டி மறுப்பதில் ருசி காண்பவர் என்பது பொருள். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அலுவலகத்தில் எனக்கு முன்னால் வரிசையில் நின்ற வயதான அம்மா ஒருவர், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்கான விண்ணப்பத்தை நீட்டினார். கதிரையில் இருந்தவர் அதை எடுத்து முதற் பக்கத்தை நிதானமாகப் பார்த்தார், மறுபக்கத்தைப் பார்த்தார், றப்பர் முத்திரையைக் கையில் எடுத்தார், பிறகு மைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே அதை வைத்துவிட்டு, "அம்மா, இது கறுப்பு மையில கையெழுத்து வைச்சிருக்கிறியள், நீலத்திலதான் வைக்கோணும்" என்றார். என்னுடைய நீலப் பேனையை நீட்டினேன். வாங்கவில்லை. அடித்துத் திருத்திய விண்ணப்பம் ஏற்கப்படாதாம், புதுப் படிவம் வேண்டுமாம், படிவம் கொடுக்கும் நேரம் பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிட்டதாம். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐந்து. "நான் ஒண்டும் செய்யேலாது, சுற்றுநிருபம் அப்பிடி" என்று அவர் சொன்னபோது முகத்தில் வருத்தம் இருக்கவில்லை. 'சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கான்' என்று நம்முடைய முன்னோர் சொன்ன பூசாரியே ஜொப்ஸ்வேர்த். ஒன்றைக் கவனியுங்கள்: இந்தச் சொல் பிரித்தானியாவுக்கு வெளியே அவ்வளவு பழக்கமில்லை. நாடகம் பிறகு ரொறொன்ரோவுக்குப் போகுமென்றால் மாற்ற வேண்டியிருக்கும்.

உடையைப் பிடித்துக்கொண்டு வரும் சொல் 'ஸ்ரஃப்ட் சேர்ட்'. உள்ளே பஞ்சோ கடதாசியோ அடைத்து நிறுத்திவைத்த சட்டை. பார்க்க விறைப்பாக இருக்கும், உள்ளே ஆள் இல்லை. வெருளியைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். சம்பிரதாயம் தவறாத, சிரிக்கத் தெரியாத, கூட்டத்தில் நீளமாகப் பேசும் ஆளைக் குறிக்கும் இந்தச் சொல் அமெரிக்காவில் தோன்றியது. இரு பக்கமும் விளங்கும்.

'ஸ்னொப்' என்பதை நம்மவர்கள் திமிர்பிடித்த எவருக்கும் பயன்படுத்துகிறார்கள், அது முழுவதும் சரியில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது செருப்புத் தைப்பவரைக் குறித்தது. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பல்கலைக்கழகத்தைச் சேராத ஊர்க்காரரை அப்படி அழைத்தார்கள். பிறகு மேல்தட்டைப் பார்த்து நடிக்கும் கீழ்த்தட்டு ஆளுக்கு ஆனது. தாக்கரே என்ற எழுத்தாளர் இந்த வகையினரைப் பற்றித் தொடராக எழுதி 1848இல் நூலாக்கியபோது சொல் பரவலானது. இன்றோ கீழே உள்ளவரை ஏளனமாகப் பார்ப்பவரைக் குறிக்கிறது. கீழே இருந்த சொல் மேலே ஏறிக் கீழே பார்க்கத் தொடங்கிய கதை இது. இலத்தீனில் 'பிரபுத்துவம் அற்றவர்' என்பதன் சுருக்கம் என்று சில இடங்களில் விளக்கம் கொடுப்பார்கள்; அது பிற்காலத்தில் கட்டிய கதை. ஸ்னொப் என்பவர் மற்றவர்களுக்குத் தரம் போடுபவர். உங்கள் தலைவருக்கோ மற்றவர்களைப் பார்க்கவே நேரமில்லை.

மூக்கை உயர்த்திக்கொண்டு நடப்பவரைப் பிரித்தானியர் 'ரொஃபி நோஸ்ட்' என்பார்கள். என்னுடைய மாணவர்கள் எல்லோரும் ரொபி ஒட்டிய மூக்கையே கற்பனை செய்தார்கள். இனிப்புக்கும் இதற்கும் உறவு பெயரளவில்தான். பணக்காரக் கனவானைக் குறிக்கும் 'ரொஃப்' என்ற சொல் உள்ளே இருக்கிறது. ஒக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பிரபுக் குடும்பத்து மாணவர்கள் தொப்பியில் அணிந்த பொன்னிறக் குஞ்சத்தின் பெயரிலிருந்து அது திரிந்ததாகக் கருதப்படுகிறது. நாம் 'கெப்பர்' என்று சொல்வதற்கு இது கிட்டத்தட்டச் சரி. கெப்பர் பிடித்தவர் பேசமாட்டார், றோட்டில் கண்டால் தலையாட்டமாட்டார். நடப்புக் காட்டுபவருக்கு அது சரிவராது. அவருக்குப் பார்ப்பவர்கள் வேண்டும். ஆளில்லாத மண்டபத்தில் நடப்பு நடக்காது. 'தடிப்பு' இன்னும் வேறு. மதிக்க வேண்டியவரை மதிக்காத இளந்தாரியிடம் அது இருக்கும், கிழவரிடம் இருந்தால் நாம் அந்தச் சொல்லை எடுக்கமாட்டோம். தடிப்புக்கு ஆங்கிலத்தில் 'ரூ பிக் ஃபோர் ஹிஸ் பூட்ஸ்' என்பது நல்ல இணை: சப்பாத்துக்குள் அடங்காமல் வளர்ந்துவிட்ட கால். 'விரலுக்குத் தக்க வீக்கம்' என்று நாம் கைக்குச் சொன்னதை அவர்கள் காலுக்குச் சொல்கிறார்கள். 'விலாசம் காட்டுறது', 'எழுப்பம் விடுறது', 'லெவல் அடிக்கிறது' என்று நம்மிடம் இன்னும் உண்டு. இவை எல்லாவற்றையும் அகராதியில் 'தற்பெருமை' என்ற ஒரே கூடைக்குள் போட்டுவிடுகிறார்கள் என்பது என்னுடைய நீண்டநாள் மனக்குறை.

ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டும். 'அப்பிட்டி' என்ற சொல் அகராதியில் இதே வரிசையில், தன் நிலைக்கு மீறி நடப்பவர் என்ற பொருளோடு அப்பாவியாக நிற்கும். ஆனால் அமெரிக்காவில் அது, சம உரிமையோடு நிமிர்ந்து நின்ற கறுப்பின மக்களைப் பார்த்து வெள்ளையர் எறிந்த சொல். இன்றைக்கு மேடையில் சொன்னால் சபை உறைந்துபோகும். நம்முடைய பக்கமும் சுத்தமில்லை. தோளில் சால்வை போட்டதற்காகவும், பாடசாலையில் மற்றப் பிள்ளைகளோடு வாங்கில் சமமாக அமர்ந்ததற்காகவும், ஒடுக்கப்பட்ட சாதியினரைப் பார்த்து 'அவங்களுக்குத் தடிப்பு' என்று சொல்லப்பட்ட ஊர் இது. அதே சொல்லைக் கிழவி தலைவரைப் பார்த்துச் சொன்னால் சிரிப்பு. தலைவர் தவிலடிப்பவரைப் பார்த்துச் சொன்னால் அது வேறு நாடகம். மேலே இருந்தா கீழே இருந்தா என்று தொடக்கத்தில் நான் கேட்டதன் காரணம் இதுதான்.

'பிரிமா டொன்னா', 'டீவா' இரண்டும் இத்தாலிய இசை நாடக அரங்கிலிருந்து வந்தவை. முதலாவது முதன்மைப் பாடகி, இரண்டாவது தேவி. திறமை இருக்கும், அதற்கு மேல் ஆயிரம் நிபந்தனையும் இருக்கும். ஒலிவாங்கி சரியில்லையென்று பாதியில் எழுந்துபோகும் நாதஸ்வரக்காரருக்கு வைக்கலாம், ஆணுக்கும் சொல்வார்கள். உங்கள் தலைவருக்குத் திறமை எதுவும் இருப்பதாக நாடகத்தில் காணவில்லை.

இனி உங்கள் வரிக்கு வருகிறேன். அதிகாரம் உண்மையா பொய்யா என்றால் பெரும்பாலும் பொய்; சொல்பவர் கீழே இருக்கிறார்; இடம் லண்டன். இந்த மூன்றும் சேரும் இடத்தில் 'லோர்ட் மக்' இருக்கிறது. 'மக்' என்றால் சாணமும் அழுக்கும். சாணப் பிரபு என்று சொல்லலாம்; பெண்ணானால் 'லேடி மக்'. பட்டத்தை மேலே தூக்கி அதே மூச்சில் எருக்குழியில் போடுகிற சொல், படிப்பில்லாத கிழவியின் வாயில் இயல்பாக நிற்கும். 'நடப்பு' என்பதிலுள்ள நடிப்பும் இதற்குள் அடங்கிவிடுகிறது, ஏனென்றால் ஆங்கிலத்தில் ஒருவர் லோர்ட் மக்காக இருப்பதில்லை, லோர்ட் மக் போல நடந்துகொள்கிறார், லோர்ட் மக் போல உட்கார்ந்திருக்கிறார்.

மிஞ்சியிருப்பது 'உவர்'. இதைத்தான் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்த வரியின் உயிர் எனக்கு அங்கேதான் தெரிகிறது. அவர் என்றால் தூரம், இவர் என்றால் பக்கம். உவர் என்றால் நமக்கு முன்னாலே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்பவர், ஆனால் நாங்கள் பேசுவது கேட்காது என்று நாங்கள் நம்புகிறவர். தமிழகத்தில் வழக்கொழிந்துபோன இந்தச் சுட்டு நம்மிடம் மிஞ்சியிருப்பதால், வம்பு பேசுவதற்கு நமக்கு ஒரு தனி இலக்கணமே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹி' என்ற ஒன்றைத் தவிர வேறு இல்லை. ஆயினும் 'ஹிஸ் நிப்ஸ்' என்று ஒரு கேலிப் பட்டம் உண்டு, 'ஹிஸ் எக்ஸலன்சி' என்ற அச்சில் வார்த்தது. தன்னைப் பெரியவராக நினைக்கும் ஒருவரை, அவருடைய முதுகுக்குப் பின்னால், படர்க்கையில் மட்டும் சொல்வது. நேரே பார்த்து அப்படி அழைப்பது வழக்கமில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் பழகிய கணவரைப் பற்றி மனைவி அயலாரிடம் சொல்வதற்கும் இதுவே போதும்.

ஆகவே தலைவர் காரிலிருந்து கால் வைக்கும்போது கிழவி உரலை நிறுத்தி, பக்கத்தில் இருப்பவளிடம் முதலில் 'ஹிஸ் நிப்ஸ்' வந்துவிட்டார் என்று சொல்லட்டும். அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, குனிந்து நிற்பவர்களைப் பார்க்காமல் நேரே முன்வரிசைக் கதிரையில் போய் அமர்ந்த பிறகு, இரண்டாவது வரியாக லோர்ட் மக் போல இருப்பதைப் பார் என்று சொல்லட்டும். தமிழில் ஒரு வரியாக இருந்தது ஆங்கிலத்தில் இரண்டாகிறது. இடையில் அவள் ஒரு தடவை வெற்றிலை இடிப்பதற்கு நேரம் கொடுங்கள்.